பாட்டியின் வேதாகம ஓரங்களைப் படமெடுக்கிறேன்: ஏழு மாத அனுபவம்

சபை குருவாக இருந்த தாத்தாவின் பிரசங்கங்களைத் தொகுக்கலாம் என்றுதான் அந்தப் பெட்டியைத் திறந்தேன். நோட்டுப் புத்தகங்கள், இடமாற்றக் கடிதங்கள், சபைக் கணக்குகள், எல்லாவற்றிலும் அவர் பெயர் இருந்தது. பாட்டி எங்கே என்று தேடினால் நாலைந்து குழுப் படங்களில் ஓரத்தில் நிற்கிறார், அடியில் அவருடைய பெயர்கூட இல்லை, திருமதி என்று போட்டுத் தாத்தாவின் பெயர். பாட்டிக்கு இப்போது 91 வயது. 22 வயதில் கல்யாணம், பிறகு தாத்தா ஓய்வு பெறும்வரை 9 குருமனைகள் (குருவுக்குச் சபை கொடுக்கும் வீடு), 4 பிள்ளைகள், எந்த வீட்டுக்குப் போனாலும் கதவைத் தட்டிக்கொண்டு வரும் சபை மக்கள். இத்தனை நீண்ட வாழ்க்கைக்கு அவர் கையால் எழுதிய ஒரு தாள்கூட இல்லையா என்று மனசு ஆறவில்லை.

கத்தரீனா வான் போரா நினைவுக்கு வந்தார். சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தரை 1525இல் கல்யாணம் செய்துகொண்டவர். லூத்தர் அவருக்கு எழுதிய கடிதங்கள் இன்றும் இருக்கின்றன, ஆனால் அவர் லூத்தருக்கு எழுதியதில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தாயும் ஒரு குருவின் மனைவியுமான சூசன்னா வெஸ்லி விஷயம் வேறு. கணவர் லண்டனில் இருந்த நாட்களில் ஞாயிறு மாலை தன் வீட்டிலேயே ஜெபக்கூட்டம் நடத்தினார், அதைப் பற்றிப் புகார் போனபோது 1712இல் கணவருக்குப் பதில் எழுதினார், அந்தக் கடிதம் தப்பிப் பிழைத்ததால்தான் அவர் குரலை இன்றும் நம்மால் கேட்க முடிகிறது. அதைப் படித்த அன்றே தாத்தாவின் பெட்டியை மூடிவிட்டுப் பாட்டியிடம் போனேன். "எங்கிட்ட என்ன இருக்கு, என் வேதபுத்தகம்தான் இருக்கு" என்றார். மூன்று இருந்தன. திறந்து பார்த்தால் ஓரமெல்லாம் பென்சில்.

முதல் மாதம் ஒரு தப்பு செய்துவிட்டேன், இதைச் செய்ய நினைக்கிறவர்கள் தயவுசெய்து கவனியுங்கள். வேகமாக முடியும் என்று பழைய வேதாகமத்தைத் தட்டை ஸ்கேனரில் கவிழ்த்து அழுத்தினேன், முதுகு பிளந்து இரண்டு தாள்கள் தனியாக வந்துவிட்டன. பாட்டி ஒன்றும் சொல்லாமல் அந்தத் தாள்களை விரலால் நீவிவிட்டார். செல்லோடேப் ஒட்டவில்லை, அதன் பசை நாளாக ஆக மஞ்சளாகித் தாளையும் கெடுக்கும். ஒரு காகித உறைக்குள் வைத்து அதே இடத்தில் செருகியிருக்கிறேன். இப்போது இரண்டு தலையணைகளைச் சரித்து வைத்து, புத்தகத்தைப் பாதியளவே திறந்து, மேலிருந்து கேமராவில் எடுக்கிறேன். விளக்கைப் பக்கவாட்டில், தாளுக்கு ஒட்டினாற்போல் தாழ்த்தி வைத்தால் எழுத்து அழிந்துபோன இடத்திலும் பென்சில் அழுத்திய தடம் நிழலாகத் தெரிகிறது. பென்சிலின் கிராஃபைட் கரிதான், வெளிச்சத்தில் வெளுக்காது. பேனாவால் எழுதிய சில வரிகள் போயே போய்விட்டன.

கோப்புகளுக்குப் புத்தக எண், அதிகார எண் என்று பெயர் வைக்கிறேன். வேதாகமத்துக்குள் இருக்கும் 66 புத்தகங்களின் வரிசைப்படி ஆதியாகமம் 01, சங்கீதம் 19, வெளிப்படுத்தின விசேஷம் 66. தேட வசதி.

மூன்றாவது மாதம் தேதிகளை அட்டவணையில் ஏற்ற ஆரம்பித்தேன். கல்யாணமான புதிதில் பாட்டி தினமும் வாசித்து நிறுத்திய இடத்தில் தேதி போட்டிருக்கிறார். வேதாகமத்தில் 1189 அதிகாரங்கள். வாரநாளில் 3, ஞாயிற்றுக்கிழமை 5 என்று வாசித்தால் ஒரு வருடத்தில் முடிந்துவிடும், அது பலரும் பின்பற்றும் கணக்கு. பாட்டியின் தேதிகள் அதற்குப் பொருந்தவே இல்லை. நாட்காட்டியோடு வைத்துப் பார்த்த பிறகுதான் புரிந்தது, ஞாயிற்றுக்கிழமைத் தேதி ஒன்றுகூட இல்லை. கேட்டேன். "ஞாயித்துக்கிழமை எனக்கு ஏது நேரம்? அதான் மத்த நாள்ல நாலு" என்றார். 313 நாள், தினம் 4 என்றால் 1252, சரியாகவே போட்டிருக்கிறார். எல்லோரும் ஆராதனைக்கு வரும் நாளில் அவருக்கு மட்டும் வேதபுத்தகத்தைத் திறக்க நேரமில்லை என்பதை எந்தப் பதிவேடும் சொல்லியிருக்காது.

பிறகு சங்கீதம் 88, அதாவது சங்கீதப் புத்தகத்தின் 88ஆவது ஜெபப்பாடல். அந்தப் பக்கத்தில் மட்டும் சின்னச் சின்னக் கோடுகள், எண்ணினால் 43. முறையிடும் சங்கீதங்கள் பெரும்பாலும் முடிவதற்குள் நம்பிக்கைக்குத் திரும்பும், இது திரும்பாது, துக்கத்திலேயே முடிகிறது. படத்தைப் பெரிதாக்கிக் காட்டியபோது பாட்டி ரொம்ப நேரம் பார்த்தார். எங்கள் அம்மாவுக்கு முன்னால் ஒரு குழந்தை இருந்திருக்கிறது, பதினோரு மாதத்தில் போய்விட்டது. அடுத்த ஞாயிறு ஆலய வாசலில் நின்று வந்தவர்களை எல்லாம் வரவேற்றிருக்கிறார். "எல்லாரும் எனக்கு ஆறுதல் சொன்னாங்க. இது ஒண்ணுதான் ஆறுதல் சொல்லாம எங்கூட உக்காந்துச்சு" என்றார். இதை எழுதட்டுமா பாட்டி என்று கேட்டேன். அன்றைக்குப் பதில் இல்லை. நான்கு நாள் கழித்து அவராகவே கூப்பிட்டு, எழுதிக்கொள், பிள்ளையின் பெயரையும் குடும்ப மரத்தில் சேர் என்றார். சேர்த்துவிட்டேன். 4 பிள்ளைகள் என்று மேலே எழுதியதைத் திருத்தாமல் விட்டதற்குக் காரணம், இத்தனை வருடமாக நாங்கள் எல்லோருமே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஆறாவது மாதம் கேசட்டுகள். தாத்தாவின் பிரசங்கங்கள், பக்கத்துக்கு 30 நிமிடம் ஓடும் சி-60 வகை. நாளாகக் கிடந்த நாடா ஒட்டியிருக்கலாம் என்பதால் முதலில் கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றி, அப்புறம்தான் ஓடவிட்டேன். சுருக்காத ஒலிக்கோப்பாக, 24 பிட் வேவ் வடிவில் பதிந்துகொண்டேன். பிரசங்கம் முடிந்ததும் நிறுத்தியிருந்தால் தவறவிட்டிருப்பேன். நான்காவது கேசட்டில் தாத்தா வீட்டில் ஒத்திகை பார்த்திருக்கிறார் போல, ஆமென் சொன்ன பிறகும் நாடா ஓடிக்கொண்டே இருக்கிறது, தூரத்தில் பாட்டியின் குரல், பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் குடும்ப ஜெபத்துக்கு அழைக்கிறார். 19 விநாடி. பாட்டிக்குப் போட்டுக் காட்டினேன். பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டு, "கடைசிப் பேரு யாரு சொன்னேன், திரும்பப் போடு" என்றார். என் அம்மாவின் பெயர்.

மூன்று வேதாகமங்களிலும் கடைசிப் பக்கத்தில் வாசித்து முடித்த தேதிகள் மொத்தம் 61. இப்போது அவருக்குக் கண் தெரிவதில்லை, அதனால் மாலையில் நான் வாசிக்கிறேன், தினம் 4, அவர் கணக்குப்படி. எரேமியாவில் இருக்கிறோம். இடையில் அவர் நிறுத்திச் சொல்வதை எல்லாம் போனில் பதிகிறேன். மூன்றாவது வேதாகமத்தில் பழைய ஏற்பாடு முழுக்க இன்னும் படமெடுக்க வேண்டியிருக்கிறது, இரண்டு கேசட்டுகளும் பாக்கி.