ஆங்கில வெர்ப்: 'செயலைக் குறிப்பது' என்ற வரையறையை நம்பாதீர்கள்

நவுன் (பெயர்ச்சொல்), ப்ரோனவுன் (பிரதிப்பெயர்) இரண்டும் பெரிதாகத் தொல்லை தருவதில்லை. ஆங்கிலம் படிப்பவரை மாதக்கணக்கில் அலைக்கழிப்பது, 'செயலைக் குறிப்பது வெர்ப் (வினைச்சொல்)' என்று எழுதிப்போடும் அந்த ஒற்றை வரிதான். அதை வைத்துத் தேடினால் 'அரைவல்' (வருகை) வெர்ப் போலத் தோன்றும்; ஆனால் அது நவுன். 'இஸ்', 'சீம்' இரண்டிலும் செயலே கிடையாது, அவை வெர்ப். இன்றும் பல வகுப்புகளில் இதே வரியைத்தான் ஒப்பிக்கச் சொல்கிறார்கள் என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

எனக்குக் கைகொடுத்தது வேறு வழி. வாக்கியத்தை நேற்றைக்கு மாற்றுங்கள். எந்தச் சொல்லின் உருவம் மாறுகிறதோ அதுதான் வெர்ப். 'தே வாக் டு ஸ்கூல்' என்பதில் 'வாக்' 'வாக்ட்' ஆகிறது. 'தே டேக் எ வாக்' என்பதில் 'டேக்'தான் 'டுக்' ஆகிறது, 'வாக்' அசைவதில்லை. முன்னால் 'எ' நிற்கிறதே, அங்கே அது நவுன். ஆகவே தனிச்சொல்லைக் காட்டி 'இது என்ன வகை?' என்று கேட்டால் பதில் சொல்லாதீர்கள், வாக்கியத்தைக் கேளுங்கள். 'கட்', 'புட்' நேற்றைக்கும் மாறாதவை. அவற்றுக்கு 'ஹி' சேர்த்து, 'கட்ஸ்', 'புட்ஸ்' என்று 'எஸ்' ஒட்டுகிறதா பாருங்கள். 'மஸ்ட்' இரண்டு சோதனைக்கும் மசியாது. அதைத் துணைவினை என்று தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.

'அவர் டாக்டர்' என்று வெர்ப் இல்லாமலே தமிழில் முடித்துவிடலாம். அந்தப் பழக்கத்தில்தான் ஆங்கிலம் எழுதும்போது 'இஸ்' விழுந்துபோகிறது. 'ஹி கோயிங்' என்பதும் அதே கோளாறு: 'இங்' வடிவம் தனியாகக் காலம் காட்டாது, 'இஸ்' அல்லது 'வாஸ்' துணை வேண்டும். துணையில்லாமல் வரும்போது அது வேறு வேலைக்குப் போய்விடும். 'ஸ்விம்மிங் இஸ் ஈஸி' என்பதில் நவுன், 'எ ஸ்லீப்பிங் பேபி' என்பதில் அட்ஜெக்டிவ் (பெயரடை).

கேள்வி கேட்கும்போது இன்னொரு பொறி இருக்கிறது. காலத்தை ஒரே இடத்தில்தான் காட்ட வேண்டும். 'டிட்' அதை ஏற்கெனவே வாங்கிக்கொண்டது, எனவே 'டிட் யூ கோ' சரி, 'டிட் யூ வென்ட்' தவறு. 'டஸ் ஹி கோஸ்' தவறாவதும் இதனால்தான். அந்த 'எஸ்' 'டஸ்'ஸுக்குள் போய்விட்டது.

அட்வெர்புக்கு (வினையடைக்கு) 'எல்ஒய்' அடையாளம் என்பதையும் முழுக்க நம்ப வேண்டாம். 'ஃப்ரெண்ட்லி' அட்ஜெக்டிவ். கடுமையாக உழைப்பவரைப் பாராட்டும்போது 'ஹி வொர்க்ஸ் ஹார்ட்' என்றே எழுதுங்கள். 'ஹார்ட்லி' போட்டால் அவர் அநேகமாக வேலையே பார்ப்பதில்லை என்று பொருளாகிவிடும்.