மூன்று கட்டடங்களுக்கு மெயின் போர்டு மாற்றிய கதை

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் அப்பா கட்டிய 3 கட்டடங்களில் மொத்தம் 11 வாடகை வீடுகள். எல்லாவற்றிலும் மரப்பலகையில் பீங்கான் ஃபியூஸ் கேரியர்தான். ஃபியூஸ் போனால் குடியிருப்பவர்களே கையில் கிடைத்த செம்புக் கம்பியை மூன்று இழையாக முறுக்கிப் போட்டிருக்கிறார்கள். இந்தக் கோடையில் 4 வீட்டுக்காரர்கள் ஏசி மாட்டலாமா என்று கேட்ட பிறகுதான் போர்டைத் திறந்து பார்த்தேன், பயந்துவிட்டேன்.

உரிமம் உள்ள ஒப்பந்தக்காரரிடம்தான் வேலையைக் கொடுத்தேன், விதியும் அதைத்தான் சொல்கிறது. அவர் முதல் நாளே, "பெட்டிய மாத்தறது ஒரு நாள் வேலை தம்பி, பின்னாடி இருக்கற வயரைப் பார்க்காம மாத்தக் கூடாது" என்றார். பழைய வயர் எல்லாம் 1.5 சதுர மி.மீ. "அடிக்கடி ட்ரிப் ஆகாத மாதிரி 32 ஆம்பியர் எம்.சி.பி. போடுங்க" என்று ஒருவர் கேட்டார். அளவுக்கு மீறி கரண்ட் போனால் தானாக விழுகிற சுவிட்சான எம்.சி.பி. இருப்பது வயரைக் காப்பாற்றத்தான், அது விழாமல் இருந்தால் சுவருக்குள் வயர் உருகும். அதனால் லைட், ஃபேனுக்கு 6 ஆம்பியர், ஏசிக்கு 4 சதுர மி.மீ. வயரில் தனி லைன்.

கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யை வீட்டுக்கு வீடு போட்டோம், அப்புறம்தான் சிக்கல். இரண்டாவது கட்டடத்தில் படிக்கட்டு லைட்டைப் போட்டாலே கீழ்வீடு, மேல்வீடு இரண்டும் ட்ரிப். ஒன்றரை நாள் தேடினோம். லைட்டுக்கு ஃபேஸ் கீழ்வீட்டிலிருந்து, நியூட்ரல் மேல்வீட்டிலிருந்து. ஃபேஸில் போகிற கரண்ட் அதே வீட்டு நியூட்ரலில் திரும்பாவிட்டால் ஆர்.சி.சி.பி. அதைக் கசிவு என்றுதான் எடுத்துக்கொள்ளும். ஆர்.சி.சி.பி.யை பைபாஸ் பண்ணிவிடலாம் என்று பக்கத்தில் யோசனை சொன்னார்கள், நான் ஒத்துக்கொள்ளவே இல்லை. படிக்கட்டு லைட்டையும் போர் மோட்டாரையும் பொது மீட்டருக்கு மாற்றினோம்.

இன்னொரு வீட்டில் எர்த் வயரை போர்டுக்குள்ளேயே நியூட்ரலோடு முறுக்கி வைத்திருந்தார்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால் ஃப்ரிட்ஜின் உடம்பிலேயே கரண்ட் வரும். அந்த வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நம்ம ஊரில் எர்த் குழி தோண்டுவது தனிப் பாடு. எர்த்துக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 3043 படி பைப் எர்த் என்றால் குறைந்தது 2.5 மீட்டர் இறக்க வேண்டும், எங்களுக்கு 4 அடியிலேயே பாறை வந்துவிட்டது. பைப்பை வளைத்துப் புதைக்காமல், துவைக்கிற கல்லுக்குப் பக்கம் ஈரமுள்ள இடமாகப் பார்த்து, 5 மீட்டருக்கு மேல் இடைவெளி விட்டு இரண்டு பைப் இறக்கினோம். எர்த் டெஸ்டர் வைத்து மே மாதத்திலேயே பார்க்கச் சொன்னேன், மழைக்குப் பிறகு பார்த்தால் ரீடிங் நன்றாகத்தான் காட்டும். வயரிங்கின் இன்சுலேஷனையும் அதை அளக்கிற 500 வோல்ட் மெக்கரில் பார்த்தோம், 1 மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. இரண்டு வீட்டில் குறைந்தது, சமையலறை லைனை முழுசாக உருவிப் புதிதாக இழுத்தோம். செலவு கூடியது, சரி.

மீட்டர் சீலை மட்டும் நாங்கள் தொடவில்லை, இபி ஆட்கள் வந்துதான் பிரித்தார்கள். ஏசிக்குக் கூடுதல் லோடு எழுதிக் கொடுத்ததில் இரண்டு வீட்டுக்கு அனுமதி வந்துவிட்டது. மற்ற இரண்டு வீட்டிலும் பெட்டியைப் பிரிக்காமல் ஏசியை அப்படியே வைத்திருக்கிறார்கள், அனுமதி வந்ததும் மாட்டிக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன்.