வாடகை பாக்கிக்கு எழுதிய கடிதம்

மதுரையில் எங்கள் வீட்டு மாடி போர்ஷனில் வாடகைக்குக் குடியிருப்பவர் அக்டோபர், நவம்பர், டிசம்பர் என மூன்று மாத வாடகையை முழுசாகத் தரவில்லை. மாதம் 9,000. நடுவில் ஒருமுறை 4,000 கொடுத்தார். அம்மா கேட்கும்போதெல்லாம் "அட்வான்ஸில் கழிச்சுக்குங்கம்மா" என்பார். அட்வான்ஸே மூன்று மாத வாடகைதான், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, சட்டப்படி அதற்கு மேல் வாங்கவும் கூடாது. அதைக் கழித்துவிட்டால் அப்புறம் காலி செய்யும் நாளில் உடைந்ததற்கும் பாக்கிக்கும் கையில் என்ன இருக்கும்?

பொங்கலுக்கு வந்த மாமா, "மோட்டாரை ஆஃப் பண்ணுங்க, தானா வழிக்கு வருவான்" என்றார். நான் அன்றைக்கே சண்டை போட்டுவிட்டேன். மேலே பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தில் 20ஆம் பிரிவே இதற்குத்தான், பாக்கி எவ்வளவு இருந்தாலும் தண்ணீர், கரண்ட் எதையும் வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது. பூட்டு போடுவதும் சாமானை வெளியே வைப்பதும் கூடவே கூடாது, காலி செய்யச் சொல்லும் அதிகாரம் வாடகை நீதிமன்றத்துக்குத்தான் இருக்கிறது.

ஆனால் அங்கே போவதற்கு முன்னால் ஒரு கடிதம் போயாக வேண்டும். 21ஆம் பிரிவுப்படி இரண்டு மாத வாடகை நின்றிருக்க வேண்டும், பாக்கியைக் கேட்டு எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும், அது கிடைத்த ஒரு மாதத்துக்குள்ளும் முழுப் பணம் வராமல் இருந்தால்தான் மனு. அந்த ஒரு மாதத்தில் கட்டிவிட்டால் அந்தக் காரணத்துக்காக அவரைக் காலி செய்யச் சொல்ல முடியாது. எனக்கு இது நியாயமாகவே படுகிறது. வேலை போய்த் தடுமாறுகிற குடும்பத்துக்கு, நாளை என்ன ஆகும் என்று தெரியாத நிலைமையைவிட ஒரு தேதி கையில் இருப்பது எவ்வளவோ மேல்.

வாசலில் நின்று சத்தம் போட்டதையும் வாட்ஸ்அப்பில் "வாடகை?" என்று கேட்டதையும் நம்பி உட்காராதீர்கள். நோட்டீஸ் எப்படிப் போக வேண்டும் என்பதற்கு 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 106ஆம் பிரிவைத்தான் பார்க்கச் சொல்கிறார்கள்: எழுத்தில், கையெழுத்தோடு, தபாலில் அல்லது நேரில். வீட்டில் இருக்கும் குடும்பத்தாரிடம் கொடுத்தாலும் செல்லும், அதற்கெல்லாம் வழியில்லை என்றால்தான் கதவில் ஒட்டுவது.

அம்மாவின் வாடகை நோட்டை வைத்துக்கொண்டு ஒரு பக்கத்துக்குள் எழுதினேன். எந்த மாதத்துக்கு எவ்வளவு, வந்தது 4,000, நிற்பது 23,000, கடிதம் கிடைத்ததிலிருந்து ஒரு மாதத்துக்குள் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் வாடகை நீதிமன்றத்துக்குப் போவோம். அவ்வளவுதான், திட்டு எதுவும் இல்லை. அம்மா கையெழுத்துப் போட்டார். பதிவுத் தபாலை 2025இல் ஸ்பீட் போஸ்டோடு சேர்த்துவிட்டதால் அதில் ஒன்று அனுப்பி ரசீதை நோட்டுக்குள் ஒட்டினேன், இன்னொன்றைக் கையோடு கொண்டு மாடி ஏறினேன்.

கதவைத் திறந்தது ஏழாவது படிக்கிற பையன். "அப்பாகிட்ட குடுத்துடுறேன்ணே" என்று கையை நீட்டினான். கொடுக்க மனசு வரவில்லை, வீட்டை விட்டுப் போக வேண்டியிருக்கலாம் என்று எழுதிய தாளை ஒரு பிள்ளை படிக்க வேண்டாம். சாயங்காலம் அவர் வந்த பிறகு மறுபடியும் போனேன்.

நின்றபடியே இரண்டு தடவை படித்தார். "மோட்டார் ரிப்பேருக்கு நான் 1,800 குடுத்தேனே அண்ணே, அம்மாகிட்ட சொல்லிட்டுத்தான் செஞ்சேன்" என்றார். அம்மாவைக் கேட்டால் உண்மைதான், நோட்டில் ஏற்றவில்லை. மூன்று மாதமாக இரண்டு பக்கமும் மனசுக்குள் புழுங்கிக்கொண்டிருந்ததில் இதுவும் ஒன்று போல. அங்கேயே கணக்கைத் திருத்தி 21,200 என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

போன வாரம் 12,000 கொண்டுவந்து கொடுத்தார். "அக்டோபர் வாடகை முழுவதும், நவம்பரில் ஒரு பகுதி, மீதி 9,200" என்று எழுதி அம்மா ரசீது கொடுத்தார், அதன் நகல் நோட்டில் இருக்கிறது. கடிதத்தில் சொன்ன தேதிக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கிறது.