‘ஔவை’ ஒருவழியாகக் கிடைத்துவிட்டாள்

நேற்று ராத்திரி, இணையத்தில் நான் வைத்திருக்கும் என் புத்தகப் பட்டியலின் தேடல் பெட்டியில் ‘ஔவை’ என்று அடித்ததும் நான்கு புத்தகமும் வரிசையாக வந்து நின்றன. மூன்று வாரமாக ஒன்றே ஒன்றுதான் வந்துகொண்டிருந்தது. மற்ற மூன்றும் அலமாரியில் கண்ணெதிரே இருக்கின்றன, பட்டியலிலும் ஏற்றியாயிற்று, தேடினால் மட்டும் வராது. எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

புத்தகப் பட்டியல் வைக்க உதவும் தளங்களான குட்ரீட்ஸ், ஓப்பன் லைப்ரரி, லைப்ரரிதிங் மூன்றையும் வைத்துப் பார்த்துவிட்டுக் கடைசியாக லைப்ரரிதிங்கில் நிலைத்தேன். 2005இல் தொடங்கிய தளம். முன்பெல்லாம் 200 புத்தகத்துக்கு மேல் ஏற்றக் கட்டணம் உண்டு. 2020 முதல் அந்த வரம்பு இல்லை. படித்ததையும் படிக்கப்போவதையும் குறித்துவைக்க குட்ரீட்ஸே போதும். எனக்கு வேண்டியது பதிப்பு, பக்கம், மொழிபெயர்ப்பாளர் பெயர் எல்லாம் ஒழுங்காக இருக்கும் பட்டியல். நூலகங்களின் தரவை நேரடியாக இழுத்துத் தருவதில் லைப்ரரிதிங்கை மிஞ்ச ஆளில்லை.

அப்படி இழுக்கும்போது ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தமிழ்த் தலைப்புகளை ரோமன் எழுத்தில் தனக்கென்று ஒரு முறைப்படி எழுதும். ‘சிறுகதைகள்’ என்பதற்கு நாம் ‘எஸ்’ போட்டுத் தொடங்குவோம், அங்கே ‘சி’. நாம் ‘ழ’வுக்கு ‘இசட் ஹெச்’ போடுவோம், அங்கே ‘எல்’லுக்கு அடியில் ஒரு கோடு. ககரம் எங்கே வந்தாலும், எப்படி ஒலித்தாலும், ‘கே’தான். பழகிவிட்டால் இதைப் போல நம்பகமான முறை வேறில்லை. எழுத்தைப் பார்த்தே தமிழ்த் தலைப்பைத் திருப்பி எழுதிவிடலாம்.

சரி, ஔவைக்கு வருகிறேன். ‘ஔ’ ஓர் எழுத்து. கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோடில் அதற்குத் தனி எண் உண்டு. ஆனால் பலர் ‘ஒ’ அடித்துப் பக்கத்தில் ‘ள’ அடித்துவிடுகிறார்கள். பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுதான். கணினிக்கு அது வேறு சொல். ஒரு விற்பனைத் தளத்திலிருந்து நான் வெட்டி ஒட்டிய மூன்று தலைப்பிலும் இந்த ‘ஒள’தான் இருந்தது. கண்டுபிடிக்கச் சுலபமான வழி: எழுத்துக்குப் பின்னால் கர்சரை வைத்து பேக்ஸ்பேஸை ஒரே ஒரு தடவை தட்டுங்கள். முழுதும் போனால் ஔ. ‘ஒ’ மிஞ்சினால் மாட்டிக்கொண்டது.

பட்டியலைக் கோப்பாக இறக்கி, ‘ஒள’ எல்லாவற்றையும் ‘ஔ’ ஆக மாற்று என்று ஒரே கட்டளை கொடுத்தேன். ‘ஒளி’ என்று தொடங்கும் தலைப்பெல்லாம் பாழ். நல்லவேளை, தளத்தில் கைவைக்கவில்லை. அடுத்த தடவை, ‘ள’வுக்குப் பின்னால் கொம்போ கொக்கியோ புள்ளியோ இல்லாமல் நேரடியாக இன்னொரு மெய்யெழுத்து தொடர்ந்தால் மட்டும் மாற்றச் சொன்னேன். ஔவை, ஔடதம், ஔரங்கசீப் எல்லாம் சரியாயின. ‘ஒளி’ தப்பித்தது.

‘கொ’ விஷயம் இதைவிட லேசு. ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக இருந்தாலும், ஒரே குறியாக இருந்தாலும், இரண்டும் சமம் என்று யூனிகோடே சொல்கிறது. இப்படிச் சமமானவற்றை ஒரே வடிவமாக்கும் என்.எஃப்.சி. முறையில் ஓட்டினால் சேர்ந்துவிடும். ஒ, ள சேர்க்கையை என்.எஃப்.சி. தொடவே தொடாது.

பழைய புத்தகங்களுக்கு ஐ.எஸ்.பி.என். என்ற புத்தக எண் கிடையாது, கையால் ஏற்றுவதுதான். பத்து இலக்க எண் இருந்தால், அதைப் பதின்மூன்று இலக்கமாக்க முன்னால் 978 சேர்த்தால் மட்டும் போதாது. கடைசி இலக்கத்தைப் புதிதாகக் கணக்கிட வேண்டும்.

இடையில், இந்தப் புத்தகங்களைப் பற்றி வலைப்பதிவுகளில் யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடினேன். டெக்னோரட்டி என்ற தளத்தின் வலைப்பதிவுத் தேடல் 2014இலேயே போய்விட்டது. கூகுள் 2005இல் கொண்டுவந்த வலைப்பதிவுத் தேடலும் இன்று இல்லை. அந்த இழப்பு தமிழுக்குப் பெரியது என்றே நினைக்கிறேன். நல்ல மதிப்புரைகள் பலவும் பழைய வலைப்பதிவுகளில்தான் கிடக்கின்றன. இப்போது பொதுத் தேடுபொறியில், ஒரே தளத்துக்குள் மட்டும் தேடச் சொல்லும் ‘சைட்’ போட்டு பிளாக்ஸ்பாட், வேர்ட்பிரஸ் என்று ஒவ்வொன்றாக வடிகட்டுகிறேன். அங்கேயும் ஔவையை இரண்டு எழுத்திலும் தேடுகிறேன். ‘ஒள’ போட்டு எழுதியவர்களின் பதிவுகளும் அப்போதுதான் சிக்குகின்றன.

என் பட்டியலில் இருந்து, ஓப்பன் லைப்ரரியில் இல்லாத தலைப்புகளை அங்கே சேர்க்கும் எண்ணமும் உண்டு. அதற்கு முன்னால் ‘ஸ்ரீ’யைச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. ‘ஸ’ போட்டு எழுதுவது ஒன்று, ‘ஶ’ போட்டு எழுதுவது ஒன்று. திரையில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். பதினோரு தலைப்பு. ஞாயிற்றுக்கிழமை உட்கார வேண்டும்.