1014 யாருடைய எண்?

கோவையில் பம்ப்செட் உதிரி பாகங்கள் செய்யும் சிறிய நிறுவனம் ஒன்றில் சர்வரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. நாற்பது பேர், ஒரே உபுண்டு லினக்ஸ் சர்வர். எல்லோரும் தங்கள் விண்டோஸ் கணினிகளிலிருந்து, சாம்பா என்ற கோப்புப் பகிர்வு மென்பொருள் வழியாகக் கோப்புகளைத் திறப்பார்கள்.

கணக்குப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருநாள் மதியம் என் மேசைக்கு வந்தார். "அண்ணா, சம்பளக் கோப்புறையில் இருக்கிற எல்லாமே எனக்குத் திறக்கிறது. நான் பார்க்கலாமா?" என்று கேட்டார். பேசாமல் இருந்திருக்கலாம், வந்து சொன்னாரே, அந்த நேர்மைக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

தவறான குழுவில் சேர்த்துவிட்டேனோ என்றுதான் முதலில் தேடினேன். ஒரு மணி நேரம் போனது. குழுக்கள் சரியாகவே இருந்தன. கோப்புகளின் அனுமதியோ 600, அதாவது உரிமையாளரும் சர்வர் நிர்வாகியும் தவிர வேறு எவரும் தொட முடியாது. பிறகுதான் முழுப் பட்டியலை எடுத்து வரி வரியாகப் படித்தேன். ஒரு சம்பளக் கோப்பு, தேதி 2021 மார்ச். உரிமையாளர் என்ற இடத்தில் அந்தப் பெண்ணின் பெயர். அவர் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை.

லினக்ஸ் கோப்போடு சேர்த்து உரிமையாளரின் பெயரை எழுதி வைப்பதில்லை. எண்ணை மட்டுமே எழுதி வைக்கிறது. பெயர் நம் வசதிக்காக, எந்த எண் யாருடையது என்ற பட்டியல் இருக்கும் பாஸ்வேர்டு கோப்பிலிருந்து எடுத்துக் காட்டப்படுகிறது. பழைய காப்புப் பிரதியிலிருந்து அந்தப் பாஸ்வேர்டு கோப்பை எடுத்துப் பார்த்தேன். சம்பளக் கோப்பில் இருந்த 1014 என்ற எண்ணுக்கு நேராக, ஓய்வுபெற்ற எங்கள் பழைய கணக்காளரின் பெயர் இருந்தது. அவர் போன அன்று யூசர்டெல் கட்டளையால் அவர் கணக்கை நீக்கியது நான்தான். அவருடைய சொந்தக் கோப்புகள் இருந்த வீட்டுக் கோப்புறையையும் சேர்த்து அழித்தேன். பொதுக் கோப்புறையில் அவர் வைத்தவை பெயரில்லாமல் வெறும் எண்ணோடு தங்கிவிட்டன. புதுக் கணக்கு உருவாக்கும் ஆட்யூசர் கட்டளை 1000 முதல் எண்ணிக்கொண்டு போய், காலியாக இருக்கும் முதல் எண்ணை எடுத்துக்கொள்ளும். புதியவருக்கு 1014 போய்ச் சேர்ந்தது இப்படித்தான்.

சரிசெய்ததை வரிசையாகச் சொல்கிறேன், வரிசை மாறினால் கோப்புகள் கலந்துவிடும். கணக்கின் விவரங்களை மாற்றும் யூசர்மாட் கட்டளையைக் கொண்டு அந்தப் பெண்ணுக்கு 1060 என்ற எண்ணைக் கொடுக்க முயன்றேன். அவர் பெயரில் நிரல் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது என்று சர்வர் மறுத்தது. சாம்பா இணைப்புதான் அது. அவர் வெளியேறிய பின் மாறியது. யூசர்மாட் வீட்டுக் கோப்புறையில் உள்ளவற்றுக்குத் தானே புது எண் போட்டுவிடும். வெளியே இருப்பவை நம் பொறுப்பு. அவர் சேர்ந்த தேதிக்குப் பின் மாறிய 1014 கோப்புகளை ஃபைண்ட் கட்டளையால் தேடி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவர் உருவாக்கியவற்றை அவர் பெயருக்கு மாற்றினேன். ஓய்வுபெற்ற பெரியவரின் கோப்பு ஒன்றை அந்தப் பெண் தெரியாமல் திறந்து சேமித்திருந்தார். அதைக் காப்புப் பிரதியிலிருந்து மீட்டேன். கடைசியாக, பெரியவரின் கணக்கை அதே 1014 எண்ணில் மறுபடி உருவாக்கினேன். அவருடைய கோப்புகளில் எதையும் தொடாமலே, பட்டியலில் அவர் பெயர் திரும்பி வந்தது. பார்த்தபோது நெஞ்சு லேசானது.

அந்தக் கணக்கைப் பூட்டியும் வைத்தேன். கடவுச்சொல்லைப் பூட்டினால் மட்டும் போதாது. தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் சாவி இருந்தால், கடவுச்சொல் இல்லாமலே உள்ளே வந்துவிடலாம். கணக்கின் காலாவதித் தேதியையும் கடந்துபோன நாளாக வைக்க வேண்டும்.

இன்னொன்றையும் அப்போதுதான் கவனித்தேன். இதே கோப்புறையை வரைபடப் பிரிவின் லினக்ஸ் கணினியில், கோப்புறைகளைப் பகிரும் இன்னொரு முறையான என்எஃப்எஸ் வழியாக இணைத்திருந்தோம். அங்கும் எண்தான் பயணம் செய்கிறது. அந்தக் கணினியில் 1014 ஒரு வரைவாளர். அன்று மாலையே அந்த இணைப்பைத் துண்டித்தேன். இரண்டிலும் எண்களை ஒன்றாக்கிய பிறகே மீண்டும் கொடுத்தேன்.

வீட்டுக்குக் கிளம்பும் முன், உரிமையாளர் இல்லாத கோப்புகள் வேறு எங்காவது இருக்கின்றனவா என்று சர்வர் முழுவதும் தேடினேன். 1023, 1031 என்று இரண்டு எண்கள் வந்தன. இரண்டும் வேலையை விட்டுப் போனவர்களுடையவை. அடுத்த திங்கட்கிழமை இரண்டு பேர் புதிதாகச் சேரவிருந்தார்கள்.