இரணைமடுக் குளக்கட்டில் ஒரு பெரிய கமரா

இலங்கையின் வன்னிப் பகுதியிலுள்ள இரணைமடுக் குளக்கட்டில், 4க்கு 5 அங்குலப் படலத்தில் பதியும் பெரிய கமராவால் விடியற்காலையில் எடுத்த ஒரு படத்தை 16க்கு 20 அங்குலத் தாளில் அச்சிட்டபோது, அக்கரை மரங்களின் கிளைகளைத் தனித்தனியே எண்ண முடிந்ததைக் கண்டு நெடுநேரம் அதன் முன்னே நின்றேன். 35 மி.மீ. படச்சுருளின் ஒரு படம் 24க்கு 36 மி.மீ. மட்டுமே; அந்தத் தாளை நிரப்ப அதை ஏறத்தாழ 17 மடங்கு பெருப்பிக்க வேண்டும். 4க்கு 5 அங்குலப் படலத்துக்கோ நான்கு மடங்கே போதும் என்பதால், படிமத்தை உருவாக்கும் வெள்ளித் துகள்கள் கண்ணில் படுவதில்லை. சாம்பல் நிறங்களும் ஒன்றிலிருந்து ஒன்றாக மென்மையாக இறங்குகின்றன.

ஆனால் இந்தப் பெரிய கமரா பொறுமையைக் கேட்கும் கருவி. கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்து, தேய்த்த கண்ணாடியில் தலைகீழாகத் தெரியும் குளத்தை உருப்பெருக்கியால் பார்த்தபடி வில்லையைத் தாங்கும் பலகையைச் சற்றே முன்னே சாய்த்தால், காலடிக் கற்களும் தொலைவுத் தண்ணீரும் ஒருசேரக் கூர்மையடைகின்றன. வில்லையின் துவாரத்தை எஃப் 22 என்ற சிறிய அளவுக்குச் சுருக்கியபின், மங்கிய விடியல் ஒளியில் அரை நொடிக்கு மேலும் திறந்து வைக்க நேரிடும். சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் அதற்குள் பனையோலைகள் அசைந்து கலங்கிவிடும். ஆகவே காற்று ஓயும் அந்தச் சில நிமிடங்களுக்காகவே இருட்டோடு புறப்படுகிறேன்.

வயலில் வேலை செய்பவர்களை எடுக்க 6க்கு 6 செ.மீ. அளவில் படம் பதியும் சிறிய கமராவே எனக்கு உகந்தது. 1901இல் அறிமுகமான, 120 எனப்படும் வகைப் படச்சுருள் அதில் 12 படங்களைத் தருகிறது. வெயிலில் நிற்கும் வாகனத்தில் மட்டும் அதை விட்டுவைப்பதில்லை. வன்னி வெக்கை படலத்தைக் கெடுத்துவிடும்.