சர்வர் வாங்கிக்கொண்ட கடிதம்

நாம் அனுப்பும் மின்னஞ்சலைப் பெறுநரின் சர்வர் ஏற்றுக்கொண்டால் 250 என்ற எண்ணுடன் ஒரு பதில் வரும். அது நம் லாகில், அதாவது சர்வரின் பதிவேட்டில், பதிவாகும். நேர்முகத் தேர்வு அழைப்பு தன் கண்ணில் படவே இல்லை என்று ஒரு விண்ணப்பதாரர், தேர்வு முடிந்த பிறகு தொலைபேசியில் சொன்னபோது, நிர்வாக அலுவலர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "மெயில் போச்சா, இல்லையா?" "போயிருச்சு சார், அவங்க சர்வர் வாங்கிக்கிட்டதுக்கு லாக் இருக்கு" என்றேன். அந்தப் பதிலின் பேரில் அந்தப் பெண்ணின் பெயருக்கு எதிரே 'வரவில்லை' என்பது உறுதியானது. கடிதம் அவருடைய ஸ்பேம் ஃபோல்டரில் கிடந்தது.

நான் சொன்னதில் பொய் இல்லை. வாங்கிய கடிதத்தை இன்பாக்ஸில் வைத்ததா, ஸ்பேமில் தள்ளியதா என்பதைச் சர்வர் அனுப்புநருக்குத் தெரிவிப்பதில்லை. தெரிவித்தால் அதை முதலில் பயன்படுத்திக்கொள்பவர்கள் மோசடிக்காரர்களாகவே இருப்பார்கள் என்பதால், அந்த மௌனத்தைக் குறைசொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

காரணங்களைப் பிறகு தேடினோம். எங்கள் டொமைன் (மின்னஞ்சல் முகவரியில் @ குறிக்குப் பின் வருவது) பெயரில் யார் யார் அஞ்சல் அனுப்பலாம் என்று அறிவிக்கும் எஸ்பிஎஃப் பதிவில், ஒவ்வொரு பிரிவும் தான் வாங்கிய சேவையைச் சேர்த்துக்கொண்டே போயிருந்தது. அதைச் சரிபார்க்க டிஎன்எஸ் என்ற இணையப் பெயர் அடைவில் 10 தேடல்களுக்கு மேல் தேவைப்பட்டால் சோதனை பிழையாகவே முடியும். எங்களுடையது அந்த வரம்பைத் தாண்டியிருந்தது. கடிதத்தை எந்த டொமைன் அனுப்பியது என்று உறுதிசெய்யும் டிகேஐஎம் டிஜிட்டல் கையொப்பமோ மொத்த அஞ்சல் சேவை நிறுவனத்தின் டொமைனில் இருந்தது. அனுப்புநர் முகவரியில் இருப்பது எங்கள் டொமைன் என்பதால், இரண்டையும் ஒப்பிடும் டிமார்க் சோதனையும் தோற்றது. இவை போதாதென்று, அழைப்புக் கடிதம் போன அதே டொமைனிலிருந்துதான் விளம்பர மடல்களும் போய்க்கொண்டிருந்தன. விளம்பரத்தால் சலித்த ஒருவர் ஸ்பேம் பொத்தானை அழுத்தும்போது குறைவது அந்த ஒரு மடலின் மதிப்பு மட்டுமல்ல, டொமைனின் மதிப்பும்தான். நாளொன்றுக்கு ஜிமெயில் முகவரிகளுக்கு 5,000 மடல்களுக்கு மேல் அனுப்புவோர் ஸ்பேம் புகார்களை 0.3 சதவீதத்துக்குக் கீழே வைத்திருக்க வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் கூகுள் விதித்தது இதனால்தான். விளம்பரத்துக்குத் தனி சப்டொமைன் (டொமைனின் கீழ் வரும் துணைப்பெயர்) வேண்டும் என்று நான் முன்பே எழுதிக் கேட்டிருந்தேன், கோப்பு நகரவில்லை.

ஆகவே என் மேல் தவறில்லை என்று பலமுறை எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அலுவலரிடம், "வாங்கிக்கொண்டார்கள், எங்கே வைத்தார்கள் என்பது நமக்குத் தெரியாது" என்று இன்னொரு வாக்கியத்தையும் சேர்த்திருந்தால்? ஸ்பேம் ஃபோல்டரைப் பார்ப்பது விண்ணப்பித்தவரின் பொறுப்பு என்று அவர் முடித்திருக்கக்கூடும். அதிலும் ஓரளவு நியாயம் உண்டு. ஆனாலும் முடிவெடுப்பவரின் முன் அந்த ஐயம் இருந்திருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

இப்போது எஸ்பிஎஃப் பதிவைச் சுருக்கிவிட்டோம். கையொப்பம் எங்கள் டொமைனிலேயே இடப்படுகிறது. தனி சப்டொமைனும் வந்துவிட்டது. இத்தனைக்குப் பிறகும் ஒரு குறிப்பிட்ட கடிதம் எந்த ஃபோல்டரில் விழுந்தது என்பதை என்னால் சொல்ல முடியாது. அதனால், அழைப்புக்குப் பதில் எழுதாதவர்களைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்ட பிறகே 'வரவில்லை' என்று குறிக்க வேண்டும் எனக் கோரியிருக்கிறேன். அத்தனை பேரையும் யார் கூப்பிடுவது என்று அலுவலர் கேட்டார். அந்த வேலைக்கு ஆள் ஒதுக்குவது பற்றி இன்னும் முடிவாகவில்லை.